பச்சை மையில் ஒரு சரிக்குறி

மஞ்சள் ஒட்டுச்சீட்டின் பசை நான்கு நாள்களுக்கு மேல் தாங்குவதில்லை. எங்கள் அறைச் சுவரில் ஒட்டியவையோ இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை; ஏசிக் காற்று நேராக அந்தச் சுவரில்தான் மோதியது. ஆகவே காலையில் முதலில் வருபவர், தரையில் கிடக்கும் சீட்டுகளைப் பொறுக்கி, அவை இருந்த இடத்திலேயே மீண்டும் ஒட்டிவிட வேண்டும் என்பது எங்களிடையே எழுதப்படாத வழக்கமாக இருந்தது.

இந்த விசாரணையில் சாட்சி சொல்வதற்காக நீங்கள் என்னை அழைத்திருக்கிறீர்கள். எங்கள் குழுவின் சோதனையாளர் எழுதிக் கையொப்பமிட்ட வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டி, அது உண்மைதானா என்று கேட்டீர்கள். அதற்கு ஒரே சொல்லில் விடையளித்துவிடலாம். ஆயினும் அந்தச் சுவரைப் பற்றி அறியாதவருக்கு அந்த ஒரு சொல் பயன்படாது. சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் மூன்று பத்திகள் இருந்தன: செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை. ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. நிரலர் ஒருவர் முதற்பத்தியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நடுப்பத்திக்குக் கொண்டுபோவார். வேலை முடிந்ததும் சோதனையாளர் அதை இயக்கிப் பார்ப்பார். பிழை இல்லையெனில் சீட்டின் வலது மூலையில் பச்சை மையால் ஒரு சரிக்குறி இடுவார். அந்தக் குறி இல்லாத எதுவும் மூன்றாம் பத்திக்குப் போகாது. குறியின் வால் நீண்டு, தூண்டில் முள்ளைப் போலத் திரும்பியிருக்கும். பச்சைப் பேனா அவர் ஒருவரிடம் மட்டுமே இருந்தது.

நாங்கள் ஐவர். நான் குழுத் தலைவன். மென்பொருளின் அமைப்பை வகுத்தவனும் நானே. நிரலர் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று அழைத்துக்கொண்டதால், மற்றவர்களுக்கும் அவர்கள் பெரிய மச்சான், சின்ன மச்சான் ஆகிவிட்டார்கள். திரைகளை வரையும் பெண் ஒருவர், காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டு ஓரமாக அமர்ந்திருப்பார். ஐந்தாமவர் சோதனையாளர். வயது ஐம்பத்து மூன்று. எந்தப் பிழையும் அவரிடமிருந்து தப்பாது என்பதால் அலுவலகம் முழுவதும் அவருக்குச் சல்லடை என்று பெயர். அவர் என்னைத் தம்பி என்பார். நான் அக்கா என்பேன்.

நாங்கள் உருவாக்கியது அவசர அழைப்பு அறைக்கான மென்பொருள். ஒருவர் தொலைபேசியில் உதவி கேட்டால், அவர் இருக்கும் கட்டடத்தைக் கண்டறிந்து, அருகிலுள்ள ஆம்புலன்ஸை அனுப்புவது அதன் பணி. அதில் ஒரு விதியை நான் வகுத்திருந்தேன். சாலையில் ஒரு விபத்து நேர்ந்தால் இருபது பேர் அழைப்பார்கள். இருபது வண்டிகள் போகக் கூடாது. எனவே ஒரே இடத்திலிருந்து பத்து நிமிடங்களுக்குள் வரும் அழைப்புகள் யாவும் முதல் அழைப்போடு தாமாகவே இணைந்துவிடும். புதிய வண்டி புறப்படாது. அவ்விதி என் பெருமைக்கு உரியதாக இருந்தது. மூன்று கூட்டங்களில் அதை நான் விளக்கியிருக்கிறேன், யாரும் கேட்காமலேயே.

மென்பொருள் பயன்பாட்டுக்கு வரவிருந்த திறப்பு நாளுக்கு இரண்டு வாரம் முன்பு, பக்கத்து மேசையிலிருந்த அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒரே அடுக்குமாடில கீழ் வீட்டுல ஒருத்தருக்கு மூச்சு முட்டுது, மேல் வீட்டுல இன்னொருத்தருக்கு நெஞ்சு வலி. ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷ வித்தியாசத்துல கூப்பிடுறாங்க. என்ன ஆகும்?"

"அது ரொம்ப அபூர்வம்க்கா."

"அபூர்வமா வர்றவங்க என்ன, சாகலாமா?"

அவர் சீட்டு எழுதினார்: 'இரண்டாம் அழைப்பு - வேறு நோயாளி.' முதற்பத்தியின் உச்சியில் ஒட்டினார்.

மறுநாள் திட்டமிடும் கூட்டம். அழைப்பு அறையின் பொறுப்பாளரும் வந்திருந்தார். முன்னாள் செவிலியர், அதிகம் பேசாதவர். ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை நாங்கள் விரல்களால் மதிப்பிடுவது வழக்கம். மூன்று எண்ணியதும் அனைவரும் ஒரே நேரத்தில் கையை நீட்ட வேண்டும். ஒரு விரல் ஒரு நாள். அக்கா எண்ணினார். பெரிய மச்சான் ஐந்து விரல் நீட்டினார். சின்ன மச்சான் இரு கைகளையும் விரித்தார். அக்காவும் திரை வரைபவரும் ஐந்து. நான் ஒன்று.

"தம்பி, மிச்ச விரலையெல்லாம் வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். பொறுப்பாளரும் சிரித்தார். நானும் சிரித்தேன். என் கை இன்னும் மேசையின் மேல் ஒற்றை விரலோடு நீண்டிருந்ததைச் சற்றுத் தாமதமாகவே கவனித்தேன்.

"அந்த ஒரு நாள் அண்ணன் போர்டுல படம் போடுறதுக்கு. மீதி நாலு நாள் நமக்கு" என்று என்னைக் காட்டிச் சொன்னார் சின்ன மச்சான். மீண்டும் சிரிப்பு.

வேலை ஏற்கப்பட்டது. நிரலர் இருவரில் யாருக்கு முதலில் கை ஒழிகிறதோ அவர் எடுப்பது என்று முடிவாயிற்று. சிரிப்பு அரை நிமிடம் இருந்திருக்கும். யாருக்கும் தீய எண்ணம் இல்லை. அன்று மாலையே அக்கா எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். இவற்றையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம், நான் செய்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை என்பதே. பெரிய காரணம் ஒன்றைத் தேடி இரண்டு ஆண்டுகளாக என்னையே துருவிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு மிகுந்த வெட்கத்தைத் தருகிறது.

அடுத்த புதன்கிழமை காலை நான்தான் முதலில் வந்தேன். ஒன்பது சீட்டுகள் தரையில் கிடந்தன. அவற்றுள் இரண்டாம் அழைப்பின் சீட்டும் ஒன்று. எட்டை உரிய இடங்களில் ஒட்டினேன். ஒன்பதாவதை மூன்றாம் பத்தியில் ஒட்டினேன்.

அதன்பின் நான் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பெரிய மச்சான், சின்ன மச்சான் முடித்துவிட்டார் என்று எண்ணினார். சின்ன மச்சான், பெரிய மச்சான் முடித்துவிட்டார் என்று எண்ணினார். இருவரும் வேறு வேலைகளில் கழுத்தளவு மூழ்கியிருந்தார்கள். அக்கா அந்த வாரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட சீட்டுகளைச் சோதித்தார். மூன்றாம் பத்தியில் இருப்பதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. திறப்பு குறித்த நாளில் நடைபெற்றது. பொறுப்பாளர் எனக்குக் கை கொடுத்தார்.

திறப்பிற்குப் பின்பு, இணைக்கப்பட்ட அழைப்புகளின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு நாள் காலையிலும் எனக்கு வரும். எனக்கு மட்டுமே வரும். நான் அப்படி அமைத்திருந்தேன். முதல் வாரத்தில் நாற்பத்தொரு அழைப்புகள் இணைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் முப்பத்தெட்டு என் விதிப்படி சரியானவை. மற்ற மூன்றில் முதல் நோயாளியும் இரண்டாம் நோயாளியும் ஒருவரல்லர். முதலில் காய்ச்சலில் வலிப்பு வந்த சிறுமி. நான்கு நிமிடம் கழித்து, அதே கட்டடத்தில் மயங்கி விழுந்த முதியவர். இத்தகையவை. அம்மூவருக்காகவும் வீட்டார் பத்து நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அழைத்து வண்டி பெற்றார்கள்; மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். விதி தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது என்று எனக்குள் கூறிக்கொண்டேன். அதைத் திருத்த வேண்டுமென்றால் சீட்டை மூன்றாம் பத்தியிலிருந்து எடுக்க வேண்டும்; எடுத்தால் அங்கே எப்படி வந்தது என்று கேட்பார்கள். ஆகவே பட்டியலை மூடினேன். மறுநாள் வந்ததையும் மூடினேன்.

பதினோராம் நாள் முற்பகலில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். நான்கு மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் ஒரு பெண்ணுக்கு மூச்சுத்திணறல். ஆறு நிமிடம் கழித்து மூன்றாம் மாடியிலிருந்து ஒரு மகள் அழைத்தார். தந்தை, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அழைப்பு அறையின் திரை, வண்டி ஏற்கெனவே அனுப்பப்பட்டது என்று காட்டியது. "வண்டி வந்துட்டே இருக்கும்மா" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வண்டி வந்தது. மகள் சன்னலிலிருந்து பார்த்துக் கையசைத்தார். அது தரைத்தளத்துப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தன் தந்தைக்கான வண்டி போய்விட்டது என்பதை அவர் விளங்கிக்கொள்ளவே சில நிமிடங்கள் ஆயின. அடுத்த வண்டி வருமுன் தந்தை இறந்துவிட்டார்.

எங்கள் குழுவில், தவறு நேர்ந்தபின் கூடும் கூட்டத்திற்கு ஒரு நெறி உண்டு: யார் என்று கேட்கக் கூடாது, எப்படி என்று மட்டுமே கேட்க வேண்டும். அந்நெறியைக் கொண்டுவந்தவன் நானே. நல்ல நெறி. அன்றைக்கும் அதை நான்தான் எல்லோருக்கும் நினைவூட்டினேன்.

அக்கா இரண்டாம் அழைப்பின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது என் டிக்தான். வாலைப் பாருங்க. ஆனா இதைச் சோதிச்சுப் பாத்த ஞாபகமே எனக்கு இல்லையே."

"விடுங்கக்கா. நூறு சீட்டுல ஒண்ணு" என்றார் பெரிய மச்சான்.

"அந்த ஒண்ணுலதான்டா ஒரு மனுஷன் இருந்தாரு."

கூட்டக் குறிப்பை நான் எழுதினேன். 'சோதிக்கப்படாத சீட்டில் சரிக்குறி இடப்பட்டிருந்தது' என்று எழுதினேன். வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை.

இவ்விடத்தில் நான் முன்னர் கூறிய ஒன்றைத் திருத்த வேண்டும். அந்தப் புதன்கிழமை தரையில் கிடந்தவை எட்டுச் சீட்டுகளே. இரண்டாம் அழைப்பின் சீட்டு விழவில்லை. நன்றாக ஒட்டியிருந்தது. கிழிந்துவிடாதபடி கீழிருந்து மேலாக உரித்தேன். பச்சைப் பேனா அக்காவின் மேசையில், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு பழைய காகிதத்தில் வாலை நான்கு முறை போட்டுப் பழகினேன். ஐந்தாவதைச் சீட்டில் போட்டேன்.

மூன்று வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா என் வீட்டிற்கு வந்தார். என் மனைவி தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அக்கா கோப்பையைத் தொடவில்லை. மருத்துவரிடம் போனதாகவும், தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றதாகவும் சொன்னார்.

"ஒண்ணும் இல்லன்னா எப்படித் தம்பி மறக்கும்? நீங்க என் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தீங்க. உண்மையைச் சொல்லுங்க. நான் பாக்காமயே டிக் போட்டேனா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்தான், ஆயினும் அவருக்கு அது போதுமான இடைவெளியைத் தந்திருக்கும். நான் சொன்னது வேறு.

"போட்டீங்கக்கா. நான் பாத்தேன். அன்னிக்கு ரொம்பக் களைச்சுப் போயிருந்தீங்க. அதான் நான் ஒண்ணும் கேட்கல."

அவர் நெடுமூச்சு விட்டார். "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றார். வாசலில் செருப்பை மாட்டியபின், கதவருகே நின்று, கைப்பையைத் திறந்து, வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்தார். படியிறங்கும் முன் மீண்டும் ஒருமுறை திறந்து பார்த்தார். அவர் ஒரு தெளிவு வேண்டி வந்தார். அதை நான் கொடுத்தேன் என்று அன்று முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் வேலையை விட்டார். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். அடுப்பின் பக்கத்துச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது: அடுப்பு அணைத்தேன், குழாய் மூடினேன், கதவு பூட்டினேன். பூட்டிய கதவைச் சரிபார்க்க இரண்டு மாடி திரும்ப ஏறுகிறாராம். பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவதில்லை. மருமகள் தடுக்கவில்லை; அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஓட்டுநரின் மகள் விடாமல் முறையிட்டு இந்த விசாரணையைத் திறக்கச் செய்தார். யாரும் கேட்பதற்கு முன்பே அக்கா தாமாக வந்து உங்களுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டார். நேரில் கண்ட சாட்சி என்று என்னைக் குறிப்பிட்டிருக்கிறார். நீங்கள் கேட்டதற்கு விடை இதுதான்: அவர் எழுதியது உண்மையன்று. அவர் நினைவில் எந்தப் பழுதும் இல்லை. நடவாத ஒன்றை அவர் நினைவுகூரவில்லை, அவ்வளவே. குறியிட்டவன் நான். பட்டியலைப் பார்த்தும் வாளாவிருந்தவன் நான். அவரிடம் பார்த்தேன் என்று சொன்னவன் நான்.

இதை முதலில் அவரிடம் சொல்வதே முறை என்று கருதி, உங்கள் அழைப்பாணை கிடைத்த மறுநாளே அவருடைய மகன் வீட்டிற்குப் போனேன். கூடத்தில் அமர்ந்து சொன்னேன். ஒரே மூச்சில், "அக்கா, அந்த டிக் நீங்க போட்டதில்ல. நான் போட்டது" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காகப் பழியை உங்க தலைல போட்டுக்காதீங்க தம்பி. உங்களுக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்காங்க. நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். நான் எழுதிக் குடுத்துட்டேன், முடிஞ்சுது."

பச்சைப் பேனாவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். பழகிப் பார்த்த அந்த நான்கு வால்களைப் பற்றிச் சொல்லியிருந்தால் கட்டாயம் நம்பியிருப்பார். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் இன்னொரு முறை சொல்லவில்லை.