அழித்துவிட்டதாகச் சொன்ன பிளாப்பிகளைப் பேத்தி திறந்தது குறித்து

என்னை எல்லோரும் ஊசிக்காரம்மா என்றுதான் அழைப்பார்கள். வயது எழுபத்து நான்கு. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச்சந்தில் மாடி வீட்டில், மகள் வயிற்றுப் பேத்தியுடன் குடியிருக்கிறேன். இன்று காவல் நிலையத்தில் விசாரித்ததன்பேரில் சொல்வதாவது:

நானும் என் கணவரும் எம்பிராய்டரிக் கடை வைத்திருந்தோம். பூக்களை நான் கட்டம் போட்ட தாளில் வரைவேன். அவர் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பிளாப்பியில் வைப்பார். அவர் இறந்தபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் செருப்பு மாட்டுமுன் கொழுந்தன் கடைச் சாவியை எடுத்துக்கொண்டார். அன்று கொழுந்தன் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை. அதன் பிறகு, பழைய பூ யாருக்கு வேண்டும் என்று சொல்லிப் பிளாப்பிகளை அழித்துப் பெட்டியோடு குப்பையில் போட்டார். அதை எடுத்து வந்தவள் நான். பேத்தி அல்ல.

அதன் பிறகு பேத்தி பழைய சாமான் கடையில் பிளாப்பி படிக்கும் கருவி ஒன்று வாங்கி வந்தாள். அந்தக் காலத்துத் தையல் கணக்கு இந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குப் புரியாததால், தானே ஒரு புரோகிராம் எழுதினாள். அதில் பிளாப்பி முழுவதும் சிறு கட்டங்களாகத் தெரிந்தது. காலியாக இருக்க வேண்டிய கட்டங்கள் கறுப்பாக நிரம்பி இருந்தன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அழிச்சுட்டேன்னானே, அப்புறம் எப்படிடி இருக்கு?"

"வாசல்ல பேர்ப்பலகையக் கழட்டிட்டு வீடு காலின்னு எழுதி வச்சிருக்காரு பாட்டி. ஆளுங்க உள்ளதான் இருக்காங்க."

"அவன் எந்த வேலைய முழுசா செஞ்சான்," என்றேன்.

அதன் பிறகு, கட்டத்தைத் தொட்டால் பூ தையல் தையலாக விரியும்படி செய்தாள். அப்படி வந்த ஒரு கொடியைத் துணியில் தைத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். அதைப் பார்த்த கொழுந்தன், பேத்தி தன் டிசைன்களைத் திருடியதாகப் புகார் கொடுத்து, நேற்றுக் காலை காவலர்கள் இருவருடன் வந்தார். வழக்கானால் அவளுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கும் வேலை போய்விடும்.

"அத்தனையும் நான் வரைஞ்சது அண்ணி."

"நீதான் அழிச்சுட்டியே தம்பி. இல்லாதத எப்படித் திருடுறது?"

அப்போது திரையில் ஒரு பூ பாதி விரிந்திருந்தது. காவலர் கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னார். கொழுந்தன், "கொஞ்சம் இருங்க சார்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கடைசி இதழ் விரியும்வரை பார்த்தார். அதன் பிறகு என்னிடம், "இது என்ன பூ அண்ணி?" என்று கேட்டார். காவலர்கள் இருவர் காதிலும் அது விழுந்தது.

எழுதியதை எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) ஊசிக்காரம்மா