திறக்காத கிடார்

இல்ல தம்பி, அங்க வைக்காதீங்க, அந்தப் பக்கம் பூரா வார்னிஷ் ஈரம். இப்படி இந்தத் துணி மேல படுக்க வைங்க. பாத்து, பாத்து, ஸ்க்ரூவத் தட்டிராதீங்க. தண்ணி மோட்டரோடது அது, சாயங்காலம் ஆளு வந்து நிப்பாரு. உருண்டுச்சா? பரவால்ல, பொறுக்கி அந்தக் கறுப்புக் கட்டையில ஒட்ட வச்சிருங்க. டேப்பு சுத்தியிருக்கே, அதான். உள்ள காந்தம் இருக்கு, புடிச்சுக்கும். ஆங், அவ்வளவுதான்.

கிடார் தந்தி விக்கிற கடைக்காரரா அனுப்பினாரு? அந்தாளுக்கு வேற வேலையே இல்ல. மோட்டர் காயில் கட்டற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, அவங்களுக்கு கிடாரும் தெரியும்னு சொல்லியிருப்பாரு. தெரியும்தான். போர்டுல எழுதல, அவ்வளவுதான். இதுவும் கம்பியும் காந்தமும், அதுவும் கம்பியும் காந்தமும். அது தண்ணி இறைக்குது, இது பாட்டுப் பாடுது.

சரி, தொறங்க பொட்டிய.

ம்.

ஒண்ணுமில்ல. வார்னிஷ் நெடி, கண்ண எரிக்குது. ஜன்னல கொஞ்சம் தள்ளி விடுங்க.

இத விக்கிறவரு, ஒரு நாள் வச்சுப் பாத்துட்டு சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்துடணும்னு சொல்லிக் குடுத்தாரா? பரவால்லையே, அந்த அளவுக்கு நம்பிட்டாரா உங்கள? ஓ, வேலை பாக்கற எடத்து அடையாள அட்டைய வாங்கி வச்சுக்கிட்டாரா. அதானே பாத்தேன்.

நீங்க என்ன வேலை? பஸ் ஓட்டறீங்களா. ராத்திரியில வாசிக்கறதா? லீவு நாள்லயா, சரி. வீட்டுல தெரியுமா? சொந்த வண்டிய வித்துட்டீங்களா! இதுக்காகவா? ஐயோ தம்பி, வீட்டுக்காரம்மா பேசறாங்களா இன்னும்? பேசலையா. பேச மாட்டாங்க. நானா இருந்தாலும் பேச மாட்டேன். அப்ப நான் பாத்துதான் சொல்லணும், ஏனோதானோன்னு சொல்ல முடியாது.

இப்படித் தூக்கிப் புடிங்க, கழுத்து நேரா இருக்கான்னு தலைப் பக்கத்துலேந்து ஒத்தக் கண்ணால பாக்கணும். நேரா இருக்கு. நல்ல மரம், முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் வளைஞ்சு குடுக்கல. கழுத்துல இந்த அஞ்சாவது கட்டைய, ஃப்ரெட்டும்பீங்களே, அதப் பாருங்க, தடிச்ச தந்திக்குக் கீழ பள்ளம் விழுந்திருக்கா? விரல் நகத்த வச்சுப் பாருங்க, மாட்டுது பாருங்க. ஒரே எடத்துல பல வருஷம் அழுத்தி அழுத்திப் பழகினா வர்ற பள்ளம். பழைய பள்ளம் அது. மத்த எடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கு பாத்தீங்களா? அதுக்கப்பறம் இத வச்சிருந்தவரு அதிகமா பழகல. பொட்டியிலயே தூங்கியிருக்கு. மேடைக்கு எடுத்துட்டுப் போறது, போட்டோ எடுக்கறது, திரும்பத் தூங்க வைக்கறது.

பின்பக்கம் இந்தக் கீறலா? அது பெல்ட்டு பக்கிள் இல்ல. சாவிக் கொத்து. இடுப்புல சாவிக் கொத்து சொருகிக்கிட்டு வாசிச்சா அந்த எடத்துலதான் விழும். ஆம்பளைங்க யாரு தம்பி இடுப்புல சாவி சொருகறாங்க?

என்ன சொன்னாரு உங்ககிட்ட? சொல்லுங்க, கேக்க ஆசையா இருக்கு. பொறந்ததுலேந்து ஒரு ஸ்க்ரூ கூட கழட்டலையா. எல்லாம் ஒரிஜினலா. அந்த ரெக்கார்டுல கேக்கற சத்தம் இதுலேந்துதான் வந்துச்சா. அது சரி, அது உண்மை. அந்த சத்தம் மரத்துல பாதி, என் விரல்ல பாதின்னாரா?

இருங்க. சிரிச்சுக்கறேன், ஒரு நிமிஷம்.

மன்னிச்சுக்கோங்க தம்பி. உங்களப் பாத்து சிரிக்கல. நீங்க அந்தப் பாட்டக் கேட்டு வளந்தவரு. பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு கேட்டேங்கறீங்க. அந்த ஆரம்பத்துல இந்த பேஸ் கிடார் மட்டும் தனியா வருமே, கும்முனு, இருட்டு ரூம்புல யாரோ மெதுவா நடந்து வர்ற மாதிரி. எனக்கும் தெரியும். முடிவெட்டற கடையில கேட்டிருக்கேன், பஸ்ஸுல கேட்டிருக்கேன், பல்லு டாக்டர் கிட்ட வாயத் தொறந்துகிட்டு படுத்திருக்கும்போது கூட கேட்டிருக்கேன். அன்னிக்கு வலி பல்லுலயா வேற எங்கயாவதான்னு டாக்டருக்கே தெரியல.

இத விக்கிறவரு யாருன்னு எனக்குத் தெரியுமான்னு கேக்கறீங்க. நல்லாத் தெரியும். எங்க அண்ணன். கூடப் பொறந்தவரு. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே வீடு, மாடிப்படிக்குக் கீழ ஒரே ரூமு.

இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க. அவரு அனுப்பி நீங்க வேவு பாக்க வரலன்னு எனக்குத் தெரியும். இங்க காட்டக் கூடாதுன்னுதான் அவரு சொல்லியிருப்பாரு. சொன்னாரா? எங்கயும் பிரிச்சுப் பாக்கக் கூடாதுன்னாரா. பாத்தீங்களா.

இது என் கிடார் தம்பி.

திருடிட்டாருன்னு சொல்லல. வீட்டுக்குள்ள எடுத்தா அதுக்குத் திருட்டுன்னு பேரு கெடையாதாமே, அம்மா சொல்லுவாங்க. நான் பதினெட்டு வயசுல இருந்து இதே மாதிரி ஒரு கடையில மோட்டருக்குக் காயில் கட்டினேன். மூணு வருஷம். அந்தக் கூலியில வாங்கினது. ஹோட்டல்ல வாசிச்சுட்டிருந்த ஒருத்தரு ஊரை விட்டுக் கெளம்பறாருன்னு கேள்விப்பட்டு ஓடிப் போயி வாங்கினேன். கடைச் சாவி என் இடுப்புலதான் இருக்கும், கடையத் தொறக்கறதும் பூட்டறதும் நான்தானே. அந்தக் கீறல் அப்படி வந்ததுதான். அந்தப் பள்ளமும் நான் போட்டதுதான். நீங்க நகத்த வச்சுப் பாத்தீங்களே, அது.

நாங்க நாலு பேரு. அண்ணன் பாடுவாரு, ஒருத்தரு டிரம்ஸு, ஒருத்தரு கீபோர்டு, நான் பேஸு. எல்லாப் பாட்டுக்கும் அடியில போறது நான் போட்டதுதான், அந்த நடந்து வர்ற சத்தமும். நாலு வருஷம் வாசிச்சோம். ரெக்கார்டு கம்பெனிக்காரரு வந்து கேட்டாரு, புடிச்சுப் போச்சு, தேதி குடுத்தாரு. வீடே தலைகீழா நிக்குது சந்தோஷத்துல. அண்ணன் என்கிட்ட வந்து, கிடாருல கொர்ருன்னு ஒரு சத்தம் வருது, ரெக்கார்டிங்குல அது கேக்கும், சரி பண்ணி வைன்னாரு. நான்தான் வாசிக்கப் போறேன், என் கிடாரு, என்கிட்ட சொல்லணுமா என்ன? ஆனா சொன்னாரு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல, அவ்வளவு மண்டு.

ரெக்கார்டிங்குக்கு மொத நாள் காலையில தையக்காரரு பார்சல் கொண்டாந்தாரு, குழுவுக்கு ஒரே மாதிரி தைக்கக் குடுத்தது. பிரிச்சேன். மூணு கோட்டு.

எண்ணிப் பாத்தேன் தம்பி. மூணு. திருப்பி எண்ணினேன். எத்தன தடவை எண்ணினாலும் மூணுதான் இருக்கு. நாங்க நாலு பேரு. தையக்காரருகிட்ட, ஒண்ணு விட்டுப் போச்சேன்னு கேக்கறேன். அவரு தரையப் பாக்கறாரு. தையக்காரருக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல.

அண்ணன் சாப்பிட்டுட்டு இருந்தாரு. போயிக் கேட்டேன். சாப்பிடற கை கூட நிக்கல அவருக்கு. பேஸு நானே வாசிச்சுக்கறேன்னு கம்பெனில சொல்லிட்டேன்னாரு. ஏன்னேன். உனக்குக் கை இருக்கு, காது இல்ல, ரெக்கார்டிங்குன்னா காது வேணும்னாரு. சொல்லிட்டு, தண்ணி கொண்டா அப்படின்னாரு.

கொண்டாந்து குடுத்தேன். அதான் எனக்கு இன்னிக்கும் ஆறல. அந்தத் தண்ணிய நான் கொண்டாந்து குடுத்தேன்.

நீங்க ஏன் தம்பி தலையக் குனிஞ்சுக்கறீங்க? நீங்க என்ன பண்ணீங்க? நிமிருங்க. டீ சொல்லவா? வேணாமா. சரி, கேளுங்க, உங்க விஷயம் இனிமேதான் வருது.

பிக்அப்புன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். தந்திக்கு அடியில இருக்கற காந்தத்த சுத்தி, தலைமுடிய விட மெல்லிசா கம்பி. பத்தாயிரம் சுத்து சுத்தினா தெளிவா பேசும். அதுக்கு மேல சுத்தச் சுத்த சத்தம் மட்டும் தடிச்சுட்டே போகும், தெளிவு போயிடும், வாயில துணிய அடைச்சுக்கிட்டுப் பேசற மாதிரி. அன்னிக்கு மத்தியானம் கிடாரத் தூக்கிட்டு கடைக்குப் போனேன். கொர்ரு சத்தத்த சரி பண்ணினேன், அது அஞ்சு நிமிஷ வேலை, ஒரு ஒயரு விட்டுப் போயிருந்துச்சு. அப்பறம் ஒரிஜினல் பிக்அப்ப வெளிய எடுத்தேன். கடை மூலையில ஒரு ஒடஞ்ச கிடாரு கெடந்துச்சு, அதோட செத்துப் போன பிக்அப்ப எடுத்து, பழைய கம்பியெல்லாம் பிச்சுப் போட்டுட்டு, புதுசா சுத்தினேன். மிஷினுல எண்ணிக்கை ஓடுது. பத்தாயிரம் வந்துச்சு. நிறுத்தல. பன்னெண்டு. நிறுத்தல. பதினாலாயிரம். ஒழுங்கா சுத்தல, தாறுமாறா சுத்தினேன், கோவம் எப்படிப் போகுதோ அப்படி. ஒரிஜினலோட மூடிய எடுத்து இதுக்கு மேல மாட்டி, பழையபடி பூட்டிட்டேன். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது.

கெடுக்கணும்னுதான் தம்பி. வேற எதுக்கு? நாளைக்கு அவ்வளவு பெரிய எடத்துல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளுங்க உக்காந்திருக்கும்போது, அவரு முதல் தந்தியத் தட்டினவுடனே மொகம் செத்துப் போகணும். என்னய்யா இது சத்தம்னு யாராவது கேக்கணும். எனக்கு அது மட்டும் போதும்னு இருந்துச்சு.

அப்பறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியுமே! நீங்க பள்ளிக்கூட வாசல்ல நின்னு கேட்டீங்களே, அதான் ஆச்சு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் எந்திரிச்சு வந்து, இந்த சத்தம் எங்கேந்து வருதுன்னு கேட்டானாம். நம்ம ஆளு கைய விரிச்சு விரலக் காட்டியிருக்கான். வீட்டுக்கு வந்து அதச் சொல்லிச் சொல்லி சிரிச்சான். நான் கதவோரமா நின்னு கேக்கறேன். அவன் காதுக்குத் தெரியல தம்பி. தன் கையில இருக்கறது வேறன்னு ஒரு நாள் கூட, முப்பத்தோரு வருஷத்துல ஒரே ஒரு நாள் கூட, அந்தக் காதுக்குத் தெரியல.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா என்ன பண்ணுவான்? கழட்டி எறிஞ்சுட்டு பழசையே போட்டுக்குவான், அந்த சத்தம் செத்துப் போகும். நான் கெட்ட எண்ணத்துல கட்டினதுதான், ஆனா உலகத்துல என்னோடதுன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அது மட்டுமில்ல, எனக்கு அவசரமும் இல்ல. என்னிக்காவது இத விப்பான். வாங்கறவன் எவனாவது தொறந்து பாக்கணும்னு சொல்லுவான். அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு மோட்டர் கட்டுவோம்னு இருந்தேன். எத்தன மோட்டர் கட்டியிருப்பேன்னு நெனைக்கறீங்க?

வாங்கலாமான்னு கேட்டீங்க. ஒரிஜினல் வேணும்னா இது ஒரிஜினல் இல்ல, வாங்காதீங்க. அந்த சத்தம் வேணும்னா உலகத்துலயே இது ஒண்ணுதான், தாராளமா வாங்குங்க, உங்க வண்டி வீண் போகல. விலைய நீங்க பேசிக்கோங்க, அதுல நான் வாய வைக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, அவரு முன்னாடி வச்சு தொறந்து பாத்துட்டுத்தான் வாங்கணும்.

இல்ல, நான் இங்க தொறக்க மாட்டேன். ஸ்க்ரூ டிரைவர் தர்றேன், இது சரியா பொருந்தும், அளவு எனக்குத் தெரியும். அவரையே தொறக்கச் சொல்லுங்க. முன்னாடி இருக்கற பிளாஸ்டிக் தகட்டக் கழட்டினா, பிக்அப்புக்கு அடியில மரத்துல பென்சில்ல எழுதியிருக்கும். மரத்துல எழுதின பென்சில் அழியாது. தேதி போட்டிருக்கும். கீழ, கெட்டுப் போகணும்னே கட்டினேன், உன் காதுக்குத் தெரியுதான்னு பாப்போம், இப்படிக்குத் தங்கச்சின்னு இருக்கும். நீங்க படிக்காதீங்க தம்பி. உங்களுக்குத் தெரியாத மாதிரி, என்னமோ எழுதியிருக்கே, என்ன சார் அதுன்னு கேளுங்க. அவரு வாயால படிக்கணும். சத்தமா. அந்த அம்மா பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது, எங்க அண்ணி, அவங்களும் அவருகிட்ட நெறைய பேச்சுக் கேட்டவங்கதான்.

கண்ணாடி இல்லன்னு நழுவப் பாப்பாரு. அந்த ஷெல்ஃபுல என்னோட படிக்கற கண்ணாடி இருக்கு பாருங்க, எடுத்து சட்டைப் பையில வச்சுக்கோங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு, ஒத்துப் போகும்.

பயமா இருக்கா? பயப்படாதீங்க, உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அந்த நேரத்துல அவருக்குப் பேச்சு வராது.

சரி, மூடுங்க பொட்டிய. மெதுவா, அந்த மூலையில இடிக்கும். கெளம்புங்க, இருட்டறதுக்குள்ள போயிச் சேரணும். ஆங், இருங்க தம்பி. நீங்க வந்தவுடனே ஸ்க்ரூ ஒட்ட வச்சீங்களே, அந்தக் கறுப்புக் கட்டை, ஸ்க்ரூவ உதுத்துட்டு அதையும் எடுத்துக்கோங்க. அவரு படிச்சு முடிச்சதும் முன்னாடி வைங்க. அதான் ஒரிஜினல் பிக்அப்பு. எனக்கு ஸ்க்ரூ ஒட்ட வேற காந்தம் கெடைக்கும்.