ஆறாம் தேதிக்கும் பதினேழாம் தேதிக்கும் நடுவில்

சரசா: காரியம் முடிஞ்சு மூணு நாளு ஆவல, அதுக்குள்ள லேப்டாப்பா நைனா? எதுத்த ஊட்டுக்காரின்ற உரிமையில கேக்கறேன்…

ஸ்ரீநாத்: ஆபீஸ் வேலை இல்ல சரசாக்கா. அப்பாவோட சுகர்.

சரசா: போனவருக்கு இன்னாத்துக்கு சுகரு?

ஸ்ரீநாத்: தெனம் காலைல காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்னாடி நம்பர் எழுதி வைப்பாரில்ல… எல்லாத்தையும் டைப் பண்ணேன். சின்ன புரோகிராம்தான், நம்பரையெல்லாம் கோடா வரைஞ்சு காட்டும். கீழ தேதி, பக்கத்துல சுகர்.

சரசா: அண்ணனூர் ரயில் ஷெட்டு தண்டவாளமாட்டம் வளைஞ்சு வளைஞ்சு கீது. யாருக்குக் காட்ட?

ஸ்ரீநாத்: ரேணுகாவுக்கு. மாங்காட்டுலேர்ந்து சாயந்தரம் வரா. 'புனேலேர்ந்து தெனம் போன் பேசினியே தம்பி, அப்பாவுக்கு சுகர் ஏறினது உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு'ன்னு அதையே கேக்கறா.

சரசா: அக்காக்காரி கேக்கத்தான் செய்வா. பிளாக்கே கேக்குது. நான் யாராண்டயும் வாயத் தொறக்கல… மூணாவது மாடி கலைவாணியத் தவுர.

ஸ்ரீநாத்: அது போதுமே.

சரசா: சரி சரி… இங்க மட்டும் இன்னா, ஸ்கேல் வெச்சு இழுத்தாப்புல?

ஸ்ரீநாத்: ஆறாம் தேதி நூத்தி நாப்பத்தெட்டு. பதினேழு, ஆஸ்பத்திரியில முன்னூத்தி எண்பது. நடுவுல பத்து நாள் தாளே இல்ல. நம்பர் இல்லாட்டி, அது ரெண்டு புள்ளியையும் தானா சேத்துடும்.

சரசா: அப்போ பாக்கறவங்களுக்கு…

ஸ்ரீநாத்: கொஞ்சம் கொஞ்சமா ஏறின மாதிரி தெரியும். யாரா இருந்தாலும் கவனிச்சிருக்க முடியாதுன்னு…

சரசா: நைனா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்.

ஸ்ரீநாத்: என்னக்கா?

சரசா: அந்தத் தாளுங்க என்னாண்ட கீது. பீரோல, புடவைக்கு அடியில.

ஸ்ரீநாத்: உங்ககிட்டயா?

சரசா: உங்கப்பாதான் குடுத்தாரு. 'இப்பத்தான் புது வேலைல சேந்துகீறான். ரேணுகா பாத்தா அவனாண்ட சொல்லிடுவா, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடுவான்'னாரு. ஏழாந்தேதியே முன்னூத்தி அம்பது, நைனா. ஊர்க்கதையெல்லாம் பேசறவ, இதுக்கு மட்டும் வாய மூடிக்கினேன்… இரு, எடுத்தாறேன். இதுல போடு. ரேணுகா என்னைத் திட்டட்டும்.

ஸ்ரீநாத்: வேணாம்க்கா.

சரசா: ஏன்?

ஸ்ரீநாத்: அந்த சுகர் மிஷின் நான் வாங்கிக் கொடுத்தது. அவர் விரல்ல குத்தினா நம்பர் என் போனுக்கும் வந்துடும். அது அவருக்குத் தெரியாது. பத்து நாளும் வந்துச்சு… பாத்தேன். இன்னைக்குக் காலைல அந்தப் பத்தையும் இதுல போட்டுட்டு, நான்தான் அழிச்சேன்.