கொரின் லெம்கே இன்னும் தயாராகவில்லை

மதிப்பிற்குரிய திரு. டட்டில் அவர்களுக்கு,

அன்றைக்கு உரிம வாரியத்தில் கொடுத்த காபி நன்றாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். இப்படிப்பட்ட கடிதங்களில் அதுதான் முறை. மேசையின் தலைப்பக்கத்தில் வாரியத் தலைவர் டாக்டர் ஹாஸ்கெட் அம்மையார். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலோரமாக நீங்கள். வாரியத்தில் உளவியல் படிக்காத ஒரே ஆள். இரும்புத் தானியக் குதிர் விற்பவர். இடப்பக்கம் வாரியத்தின் வழக்கறிஞர், கொட்டாவியை மென்று விழுங்கியபடி. எதிரே நான். என் மேற்பார்வையில் வேலை செய்து, உளவியலாளர் உரிமத்துக்கு விண்ணப்பித்த கொரின் லெம்கேவுக்கு மறுகோடியில் தனி நாற்காலி போட்டிருந்தது. அவள் அதைத் தானே தூக்கிவந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். நீங்கள் அதைக் கவனித்தீர்கள்.

"உரிமம் வாங்கத் தகுதி இருக்குன்னு உனக்கே தோணுதாம்மா?" என்று கேட்டீர்கள்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "டாக்டர் ஆக்ஸ்லி என்ன நினைக்கிறாரோ அதுதான் சரியா இருக்கும்" என்றாள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இப்போது தனியாக எழுதிக் கேட்டிருக்கிறீர்கள்: வகுப்பில் முதலாவதாக வந்த பெண், எழுத்துத் தேர்வை ஒரே முயற்சியில் தாண்டியவள், ஒன்றரை வருஷத்தில் எப்படி இப்படி ஆனாள் என்று. வாரிய உறுப்பினர் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது விதி. விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

நம் மாநிலத்தில் முனைவர் பட்டம் மட்டும் போதாது. உரிமம் உள்ள ஒருவரின் கீழ் ஒரு வருஷம் வேலை செய்ய வேண்டும். வாரம் ஒரு மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். முடிவில் மேற்பார்வையாளர், 'இவர் தனியாகத் தொழில் செய்யத் தயார்' என்று கையெழுத்துப் போட வேண்டும். எப்போது போட வேண்டும் என்று விதி சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்தில் உரிமம் உள்ளவன் நான் ஒருவன்தான்.

வந்த புதிதில் நன்றாகத்தான் வேலை செய்தாள். கொஞ்சம் கூடுதலாகவே நன்றாக. வெர்ஜில் ஸ்டக்கி என்று ஒரு பன்றிப் பண்ணைக்காரர், மனைவி இறந்ததிலிருந்து ஏழு வருஷமாக என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் எனக்குப் பல் பிடுங்கப் போக வேண்டியிருந்ததால் அவரைக் கொரினிடம் அனுப்பினேன். அந்த ஞாயிறு, தேவாலய விருந்தில் தட்டோடு வரிசையில் நின்றோம். நான் பின்னால் நிற்பது தெரியாமல் அவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"ஏழு வருஷமா அந்த ஆளுகிட்ட மழையைப் பத்தியே பேசினேன்ப்பா. இந்தப் பொண்ணுகிட்ட ஒரு மணி நேரம்தான். கன்னுக்குட்டி மாதிரி அழுதுட்டேன். வீட்டுக்குப் போயி விடியற வரைக்கும் தூங்கினேன்."

"அப்ப ஆக்ஸ்லி ஏழு வருஷமா என்னதான்யா பண்ணாரு?"

"குடை பிடிச்சாரு."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். நகைச்சுவையை ரசிக்கத் தெரிந்தவன் நான்.

மறுநாள் மேற்பார்வை நேரத்தில், ஸ்டக்கி அழுதபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். "நிம்மதியா இருந்தது டாக்டர்" என்றாள். அந்த நிம்மதி யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்டேன். அவள் யோசித்தாள். கேட்டால் யோசிக்கிற பெண். அது எனக்கு வசதியாக இருந்தது. அதன்பிறகு அவள் அமைதியாக இருந்தால் உணர்ச்சியை அடக்குகிறாய் என்றேன். கோபப்பட்டால், அடக்கியது வெளியே வருகிறது என்றேன். வருஷம் முடிந்து கையெழுத்துக் கேட்டபோது, பிறர் அங்கீகாரத்துக்கு அவள் ஏங்குவதைப் பற்றி ஒரு மாதம் பேசினோம்.

"நான் என்னதான் பண்ணணும்னு சொல்லிடுங்க டாக்டர்" என்று ஒருமுறை அழுதாள்.

"நான் சொல்லணும்னு எதிர்பார்க்கிறே பாரு, அதைத்தான் நாம கவனிக்கணும்" என்றேன்.

இதற்குள் ஸ்டக்கியை நானே திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை வந்து மழையைப் பற்றிப் பேசினார். பிறகு வரவில்லை. பன்றிகளை விற்று, வீட்டைப் பூட்டி, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். "அவர் மனசு விட்டுப் பேசின கடைசி ஆள் நீதான்" என்று கொரினிடம் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தன்னால்தான் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மீதியை அவளே சேர்த்துக்கொண்டாள். தூக்கம் போயிற்று, வேலையில் தப்பு வர ஆரம்பித்தது.

சில வாரங்களில் ஸ்டக்கி தொலைபேசியில் கூப்பிட்டார். தெற்கே தங்கை வீட்டில் இருக்கிறாராம், மீன் பிடிக்கிறாராம். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க டாக்டர். அவ பேசினதாலதான் கிளம்பவே தைரியம் வந்துச்சு." சொல்கிறேன் என்றேன். பொருத்தமான நேரம் அமையவில்லை.

மேற்பார்வையில் உள்ளவருக்கு நானே சிகிச்சை கொடுப்பது விதிப்படி தவறு. ஆகவே தலைநகரில் உளவியலாளராக இருக்கும் ஒரு நண்பரிடம் அவளை அனுப்பினேன். விண்ணப்பதாரர் மனநலம் குன்றி, வேலையும் பாதிக்கப்பட்டால் வாரியத்துக்குத் தெரிவிப்பது மேற்பார்வையாளரின் கடமை. தெரிவித்தேன். அதற்காக டாக்டர் ஹாஸ்கெட் அன்றைய வாரியக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். நீங்கள் மட்டும் தலையாட்டவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: கொரின் லெம்கேயிடம் எந்தக் குறையும் இருக்கவில்லை. இப்போது இருப்பதெல்லாம் நான் உண்டாக்கியது. வாரம் ஒரு மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு, விதி சொன்னபடியே. இந்த மாநிலத்தில் இவ்வளவு அக்கறையோடு மேற்பார்வை செய்தவர் இன்னொருவர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவளைக் கைவிடவும் இல்லை. உரிமம் இல்லாதவர் செய்யக்கூடிய வேலை ஒன்று என் அலுவலக வரவேற்பு மேசையில் இருந்தது, கொடுத்திருக்கிறேன்.

உறையை அவள்தான் இப்போது கொண்டுவந்தாள். உங்கள் முகவரியை எழுதி, ஸ்டாம்பும் ஒட்டியிருக்கிறாள். தபால் நிலையத்துக்கும் அவளே எடுத்துப் போவாள். பிரித்துப் பார்ப்பாளோ என்ற கவலை எனக்கு இல்லை.

"ஸ்டாம்ப் நேரா இருக்கா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

நேராகத்தான் இருக்கிறது. கடிதத்தை மடித்து, உறையை ஒட்டி, "நீயே இன்னொரு தடவை நல்லா பாரு" என்று சொல்லி அவள் கையில் கொடுக்கப்போகிறேன்.