ஐந்தாம் தூணின் மேல்துளை

விழாத் தலைவர் திரு. சத்தியசீலன் அவர்களே, லூனாஸ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, விடியலிலிருந்து அடுப்படியில் நின்ற தாய்மார்களே, கூடாரத்தடியில் வேர்த்து வீற்றிருக்கும் அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த மண்டபத் திறப்பு விழாவில் பாராட்டத்தான் என்னை அழைத்தீர்கள். பாராட்டை ஏற்கும் நிலையில் நான் இல்லை.

தொழிற்சாலையில் வார்த்த தூண்களைக் கொண்டுவந்து நிறுத்திய மண்டபம் இது. தூணின் அடியில் இரும்புக் குழல். குழலுக்குள் அடித்தளக் கம்பி. இரண்டையும் இறுகப் பிடிப்பது, என் ஆய்வுக்கூடம் ஆறாண்டு உழைத்து உருவாக்கிய இணைப்புச் சாந்து. குழலின் கீழ்த்துளையில் செலுத்தினால் அது மேல்துளையில் வழிய வேண்டும்; வழிந்தால்தான் குழல் நிறைந்தது என்று பொருள். வழிந்த பிறகே அடைக்க வேண்டும்.

இன்று காலை அழகம்மா அக்கா தூண்களுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தார். ஐந்தாம் தூணில் பூச்சு பெயர்ந்தது.

"டாக்டரம்மா, வெரலு உள்ள போகுது லா."

ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டேன். சாந்து இருக்க வேண்டிய இடத்தில் கீழ்நோக்கி ஒரு சாண் இறங்கியது.

கட்டட மேற்பார்வையாளர் சிவநேசனைக் கேட்டேன்.

"வெயில்ல சாந்து இறுகிப்போச்சுக்கா. மேல வழியல. நல்ல நேரம் குறிச்சாச்சு, பூசி மூடிட்டோம். மத்த தூணெல்லாம் ஓகே லா."

ஓகே என்று பார்த்தது யார், தம்பி? பூச்சு பார்த்ததா?

சிவநேசனை மட்டுமா சந்தேகிக்கிறேன்? என்னையும்தான். குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் அரைமணி நேரம் இறுகாமல் ஓடிய சாந்து, லூனாஸ் உச்சிவெயிலில் எத்தனை நிமிடம் ஓடும்? நான் சோதித்தேனா? இல்லை. சாந்தின் தரச் சான்றிதழில் கையெழுத்து மட்டும் போட்டேன். அதையும் நம்பாதீர்கள்.

பின்வரிசையில் ஒருவர், "சாப்பாடு ஆறிடும் டாக்டர்" என்கிறார். ஆறட்டும் அண்ணே, சோற்றைச் சூடாக்கலாம்.

சந்தனம் பூசினால் தூண் தாங்குமா? சான்றிதழ் மாட்டினால் தாங்குமா? தூணைத் தொட்டுக் கும்பிட்ட நாம், துளையைத் தொட்டுப் பார்த்தோமா? மாடிப் பந்தியில் நானூறு பேர் அமரும்போது, பதினாறு தூண்களில் எத்தனை உண்மையில் தூண்கள்? எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

தலைவர் அவர்களே, கத்திரிக்கோலைத் தட்டிலேயே விட்டுவிடுங்கள். இன்று யாரும் உள்ளே போக வேண்டாம். நாளை பதினாறு தூண்களின் பூச்சையும் உங்கள் முன்னிலையில் உடைப்போம். என் சாந்து தோற்றிருந்தால், அதையும் ஊரறியச் சொல்வேன்.

என்மேல் கோபம் வரும். கோபித்துக்கொண்டாவது எல்லாரும் நல்லபடி வீடு போய்ச் சேருங்கள். எனக்கு அந்த மரியாதை போதும். பொறுமையோடு கேட்டமைக்கு நன்றி, வணக்கம்.