கேசட்டில் இருந்த விடை

இல்லீங்க மேடம், உள்ளல்லாம் வரல. கிளாஸ் ஜன்னலுக்கு வெளியதான் நின்னேன். வாட்ச்மேன் தம்பிய ஒன்னும் சொல்லாதீங்க, நான்தான் கெஞ்சிக்கிட்டு வந்தேன்.

புள்ளையா? எனக்குப் புள்ள இல்லீங்க. பேரு ஜெக்கரியா, நாகூரு. நீங்க இந்த டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் எடுக்குற நாளாப் பாத்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறுறேன்.

சிரிக்கத்தான் தோணும், சிரிங்க. நூர்ஜஹானும் சிரிப்பா. என் வீட்டுக்காரி. தபால்ல பி.எஸ்சி. கணக்கு படிச்சா. நான் அப்ப சவூதில தம்மாமுக்கு சபுர் போயிருந்தேன், பொழைக்கத்தான், ஏசி ரிப்பேர் வேல. தொண்ணூத்தி மூணு, நாலு இருக்கும். இப்ப மாதிரி போனு ஏது? கேசட்டுலதான் பேசிக்குவோம். தர்கா கந்தூரிக் கூட்டம், ஓடு ஒழுவுறது, எங்கம்மாவோட சண்ட, எல்லாத்தையும் கொட்டிட்டு, சரி மச்சான், இனிமே பாடம்னு ஆரம்பிச்சிருவா. வேற யாருகிட்ட சொல்லுவா அவளும்?

ரூமுல மத்தவனுவல்லாம் பொண்டாட்டி கேசட்ட போர்வைக்குள்ள வச்சுக் கேட்டு அழுவானுவ. நான் பேனாவும் பேப்பருமா உக்காந்திருப்பேன். மீரா உசேன்னு ஒருத்தன், டேய், ஒனக்கு நிக்காஹ் ஆச்சா, டியூசன் வச்சு உட்டாங்களாடாம்பான்.

நான் பியூசி பெயிலு மேடம். அவ சொல்லிச் சொல்லித்தான் ஏறுச்சு. டீ ஆறுற கணக்கு இருக்குல்ல? சூடு மொதல்ல மடமடன்னு எறங்கும், அப்பறம் எறங்குறதே கொறஞ்சுகிட்டு வரும். மச்சான், நீங்க ப்ளைட் ஏறுனப்ப நான் அழுத அழுவையும் அப்புடித்தான், கொறையுது, ஆனா கணக்குப்படி ஜீரோவுக்கு வராதாம்னா. அதச் சொல்லிட்டு ஒரு சிரிப்பு.

முடிக்கிறப்ப ஒரு கணக்கு குடுப்பா. போட்டு அனுப்புங்கன்னு.

அந்தக் கேசட்டா? இந்தா, சட்டப்பையிலயேதான் இருக்கு. ஆனா இதுல என் கொரலுதாங்க. எல்லா வூட்லயும் ஒரே கேசட்டுதான் போயிட்டு வரும். அவ பேசுனதக் கேட்டுட்டு, அது மேலயே நான் பேசி, ஊருக்கு வர்ற ஆளுகிட்ட குடுத்து உடுவேன். அவ பேசுனது அழிஞ்சிரும். அடுத்த மாசம் மறுபடி பேசப் போறாதானேன்னு இருந்துரும்.

நெறைய கணக்கு போட்டதுல இந்தக் கேசட்டுக்குண்டான கேள்வி மட்டும் என்னன்னே ஞாபகம் இல்ல. என் பதிலு மட்டும் கெடக்கு. ஒய் ஈக்குவல் டு சி ஈ பவர் எக்ஸ், மைனஸ் எக்ஸ், மைனஸ் ஒன்னு. நூரு, சரியா வந்துருக்கான்னு பாரு, அப்படின்னு முடியுது.

இன்னிக்கு நீங்க நடத்துனீங்களே, விடையக் குடுத்தா அந்த சி-ய நீக்கிட்டு ஈக்குவேஷனத் திரும்பக் கொண்டு வந்துரலாம்னு. இந்த பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால போட்டுப் பாத்தேன். டி ஒய் பை டி எக்ஸ் ஈக்குவல் டு எக்ஸ் ப்ளஸ் ஒய். சரிங்களா?

சரிதானா? அல்லா.

அவகிட்டயே கேட்டிருக்கலாமேங்குறீங்க. எங்க மேடம். காய்ச்சல்னு படுத்தவ, மௌத்தாயிட்டா. இந்தக் கேசட்டு வூட்டுக்கு வந்தது, அடக்கம் முடிஞ்ச மறுநாளு. நான் வந்து பாக்கறப்ப, ஒட்டுன கவரு ஒட்டுனபடி அலமாரி மேல கெடந்துச்சு.

ஒன்னே ஒன்னு மேடம். இத ஒருக்கா அவ குடுக்குற மாதிரியே கேள்வியா சத்தமா வாசிங்களேன், நான் பதிலு சொல்றேன். பதில அவ இன்னும் கேக்கல.