பஸ்மியா திறந்து வைத்த வெள்ளிக்கிழமை அறை

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் மஹ்ரூப் ஹாஜியார் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து இருக்கும் பஸ்மியாவின் கணவர் ஸாஜித் அவர்களே, மூதூரிலும் கிண்ணியாவிலும் கிளிவெட்டியிலும் இருந்து பஸ் ஏறி இந்த ஓர்ஸ் ஹில் மண்டபம் வரைக்கும் வந்திருக்கும் தாய்மாரே, உங்கள் எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் மறைந்த எங்கள் செயலாளர் பஸ்மியாவைத் தியாகத்தின் சிகரம் என்றார்கள். சேவையின் விளக்கு என்றார்கள். நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் பாடத்தில் விடையை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடையாது, செய்கை காட்ட வேண்டும். அவர் செய்தது என்ன? அதை நாங்கள் என்ன செய்தோம்? அந்தச் செய்கையைத்தான் இப்போது காட்டப் போகிறேன். கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சங்கம் எதற்காக இருக்கிறது என்று வெளியாருக்குச் சொல்லிவிடுகிறேன். வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களின் குடும்பங்கள் சேர்ந்த சங்கம் இது. பஸ்மியா தொழிலால் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஊரடங்குக் காலத்தில், போன பிள்ளைகளையும் இங்கே இருக்கிற உம்மாமாரையும் சூம் வழியாக ஒன்றுசேர்த்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைத் தொடங்கியவர் அவர். ஊரடங்கு முடிந்தது. கூட்டம் முடியவில்லை. சட்ட விஷயங்களுக்கு இராகுலன் வந்து இருப்பார். அரபு தெரிந்த சனூஸா இருப்பார். ஆனால் அந்தக் கூட்டத்தின் உயிர் எங்கே இருந்தது தெரியுமா? சூமில் 'ஹோஸ்ட்' என்கிற நடத்துனர் இல்லாமலே அது ஓடியது. அங்கேதான் இருந்தது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பாடசாலையில் ஆசிரியர் வரப் பிந்தினால் பிள்ளைகளை வெயிலில் நிற்பாட்டி வைப்பதில்லை. வகுப்பறை திறந்திருக்கும், பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள், வகுப்புத் தலைவி கவனித்துக்கொள்வாள். பஸ்மியா செய்தது இவ்வளவுதான். நடத்துனர் வருவதற்கு முன்பே மற்றவர்கள் நுழையலாம் என்று கூட்டத்தை அமைத்தார். நடத்துனர் விடும் வரைக்கும் வெளியே நிற்க வைக்கிற காத்திருப்பு அறையை நிறுத்தினார். என்னையும் சனூஸாவையும் மாற்று நடத்துனர்களாகப் போட்டார். ஒருவர் வீட்டில் மின்சாரம் போனாலும் மற்றவர் கையில் அறை இருக்கும். கிழமைக்கு ஒரு கூட்ட இலக்கம் என்று மாற்றாமல், எல்லா வெள்ளிக்கும் ஒரே இலக்கம் வைத்தார். அந்த இலக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்தார். ஏன்? போனைப் பறித்தாலும் மனதில் உள்ளதைப் பறிக்க ஏலாது. வேலை பார்க்கிற வீட்டுக் குழந்தை விளையாடுகிற டெப் கணினியிலும் அந்த இலக்கத்தை அடித்து உள்ளே வரலாம்.

முதல் நாள் நடத்துனர் இல்லாமல் ஓடிய கூட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மூதூர் றுக்கியாவின் மகள் லைலா உள்ளே வந்தாள். திரை முழுக்க இருட்டு.

"ஆரு அது, முகத்தைக் காட்டுங்களேன்" என்று ஒரு தாய் கேட்டார்.

"நான்தான் லைலா. அலுமாரிக்குள்ள இருந்து கதைக்கிறன். மேடம் தூங்குறா."

"அலுமாரிக்குள்ளயா? மூச்சு முட்டாதா புள்ள?" என்றார் றுக்கியா.

"நம்மட வீட்டு அறையை விட இது பெரிசு உம்மா. ஏசி மட்டும்தான் இல்ல."

சிரித்தோம். சிரித்துக்கொண்டே றுக்கியா அழுததையும் கண்டோம். நடத்துனர் எவரும் அங்கே இல்லை, என்னையும் சனூஸாவையும் அப்போது இன்னும் மாற்று நடத்துனர்களாகப் போடவில்லை. பஸ்மியா அந்த நேரம் கப்பல்துறைக்குக் கள வேலைக்குப் போயிருந்தார்.

இப்படி நல்லபடி ஓடிய அறைக்கு என்ன நடந்தது? நியாயமாகச் சொல்ல வேண்டும், ஒரு முறை எவனோ ஓர் அந்நியன் நுழைந்து அசிங்கமாகக் கதைத்தான். தவறு நடந்தது உண்மை. பஸ்மியா அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றி, அதையும் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்தார். தெரியாத ஆளை வெளியே போடுவது எப்படி என்று எனக்கும் சனூஸாவுக்கும் பழக்கினார். நிர்வாக சபை அதோடு அடங்கவில்லை. இந்த மண்டபத்தில்தான் அந்தக் கதை நடந்தது.

"தலைவர் இல்லாமக் கூட்டமா? அப்ப நான் என்னத்துக்கு?" என்று ஹாஜியார் கேட்டார்.

"நீங்க வாங்க ஹாஜியார், முன்னுக்கே இரிங்க" என்றார் பஸ்மியா. "ஆனா அதுகளுக்குப் போன் கையில கிடைக்கிற நேரம் நம்மட நேரம் இல்ல. மேடம் தூங்கினாத்தான் கூட்டம்."

"ஒரு ஒழுங்கு வேணுமே மகள். ஊர்ல எந்தக் கூட்டம் தலைவர் வராமத் தொடங்கினது?"

"அதனாலதான் ஊர்ல எந்தக் கூட்டமும் நேரத்துக்குத் தொடங்கினதில்ல."

சபை சிரித்தது. ஹாஜியார் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பஸ்மியா வென்றார். வென்றவருக்கு எங்கள் ஊரில் கொடுக்கப்படுவது என்ன? காத்திருந்து கொடுக்கப்படும் பதிலடி.

தலைவர் வந்து இருந்தால்தான் கூட்டம் என்பது எங்கள் வழமை. குர்ஆன் வசனம் எடுத்துக் கிறாஅத் ஓதவும், விளக்கேற்றவும், வரவேற்புரை சொல்லவும் ஆள் வந்தாக வேண்டும். அந்த வழமை இந்த மண்டபத்துக்குப் பொருந்தும். இங்கே காத்திருப்பவருக்கு உட்காரக் கதிரை உண்டு, குடிக்கத் தேத்தண்ணி உண்டு. அலுமாரிக்குள் ஒளிந்திருக்கும் பிள்ளைக்கு எது உண்டு?

பஸ்மியா நோய்ப்பட்டு ஆஸ்பத்திரி வாட்டில் படுத்தார். அவர் இல்லாத சபையில் தீர்மானம் வந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைத் தலைவர் திறந்து வைத்த பிறகே மற்றவர்கள் நுழைய வேண்டும். நானும் சனூஸாவும் எதிர்த்தோம். மற்றக் கைகள் உயர்ந்தன. அந்தக் கைகள்தான் சற்று முன் இங்கே கண்ணைத் துடைத்தன. சூம் கணக்கு சங்கத்தின் பெயரில் இருந்ததால் மாற்றுவது சுலபமாக இருந்தது. எங்கள் இருவரின் பெயரும் எடுக்கப்பட்டது. காத்திருப்பு அறை போடப்பட்டது, தலைவர் வந்தால்தான் கதவு திறக்கும் என்று பிள்ளைகளுக்கும் செய்தி போனது.

அடுத்த வெள்ளி என்ன நடந்தது? லைலாவை வேறொரு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். எந்த ஊர், எந்த வீடு என்று அவளுக்குத் தெரியாது. வருகிறவர்களிடம் அரபியில் கேட்டுச் சொல்ல சனூஸா வேண்டும். அதற்காகத்தான் அந்த அறைக்கு வந்தாள். அவளுடைய போனில் இருந்தவை உம்மாவின் இலக்கமும் எங்கள் அறையின் இலக்கமும் மட்டுமே. வந்தவளுக்குத் திரை என்ன சொன்னது? நடத்துனர் இன்னும் கூட்டத்தைத் தொடங்கவில்லை. அதே வாசலில் சனூஸாவும் நின்றார், இராகுலனும் நின்றார், நானும் நின்றேன். ஒருவரை ஒருவர் காணவில்லை. எல்லாரும் வெளியே.

ஹாஜியார் ஒரு கலியாண விருந்தில் இருந்தார். விருந்துக்குப் போவது குற்றமில்லை. அறைக் கதவின் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனதுதான் குற்றம்.

லைலா உம்மாவுக்குக் குரல் அனுப்பினாள். "உம்மா, கதவு திறக்குதில்ல. ஆக்கள் வந்திட்டாங்க, வாசல்ல நிக்கிறாங்க. ஹாஜியாரைக் கெதியா வரச் சொல்லுங்க." றுக்கியா ஹாஜியாருக்குப் போன் எடுத்தார். மீண்டும் எடுத்தார். சத்தம் நிறுத்தி வைக்கப்பட்ட போன் அது. அதற்குப் பிறகு லைலாவின் போன் வேலை செய்யவில்லை. இன்றுவரை அவள் எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. முறைப்பாடு கொடுத்தோம். பதில் இல்லை. றுக்கியா இதோ இந்த மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கிறார்.

வாட்டில் பஸ்மியாவைப் பார்க்கப் போனேன். நடந்ததை மறைக்க நினைத்தேன், அவர் முன்பே அறிந்திருந்தார்.

"டீச்சர், கதவைத் திறந்தாச்சா?"

"இன்னும் இல்லை, பஸ்மியா. புதுசா வேறொரு அறை திறக்கலாமே."

"அது ஏலாது டீச்சர். அவளுக்குத் தெரிஞ்சது பழைய இலக்கம் மட்டும்தான். புது அறையில நாம எல்லாரும் இருப்பம், அவ பழைய வாசல்ல நிப்பா."

தன் நோவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் இல்லாட்டியும் ஓடத்தானே அதைச் செஞ்சனான்" என்று மட்டும் சொன்னார். அதுவே அவரிடம் நான் கேட்ட கடைசிக் கதை.

இந்த மண்டபத்துக்குப் பஸ்மியாவின் பெயரைச் சூட்டலாம் என்று சற்று முன் ஒருவர் முன்மொழிந்தார். நினைவு மலர் போடலாம் என்று இன்னொருவர் சொன்னார். அவருடைய பெயரைச் சுவரில் எழுதிவிட்டு அவருடைய அறையைப் பூட்டி வைப்போமா? இதற்குப் பெயர் அஞ்சலியா? அவர் எங்களுக்கு விட்டுப்போனது ஒரே ஒரு வேலை. அதற்குக் கல்லும் வேண்டாம், மலரும் வேண்டாம்.

ஹாஜியார் அவர்களே, இன்று வெள்ளிக்கிழமை. லைலா எந்த வீட்டில் இருந்தாலும், அங்கே ஒரு குழந்தையின் டெப் அவள் கையில் ஒரு நிமிடம் கிடைத்தால், அவள் அடிக்கப் போவது அந்தப் பழைய இலக்கத்தைத்தான். அந்த வாசலைத் திறக்க இந்த உலகத்தில் உங்களால் மட்டுமே முடியும். சனூஸாவும் நானும் முறை வைத்து அந்த அறையில் காவல் இருப்போம், எங்களுக்குப் பிறகு இருக்கவும் ஆட்களைப் பழக்குவோம். பஸ்மியாவுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு அது. அந்த வாக்கைக் காப்பாற்ற எங்களுக்கு உங்களுடைய விரல் தேவைப்படுகிறது.

போனை எடுங்கள். அவசரமில்லை, நான் சொல்லித் தருகிறேன். சூமைத் திறந்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைத் தொடுங்கள். திருத்துகிற இடம் மேலே இருக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். கீழே போங்கள். காத்திருப்பு அறை என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்துங்கள். அதற்குக் கிட்ட, நடத்துனருக்கு முன் நுழையலாம் என்று இன்னொன்று இருக்கும். அதைத் தொட்டால் நீலமாகும். பிறகு சேமிக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

றுக்கியா, நீங்கள் முன்னுக்கு வாங்கோ. ஹாஜியாருக்குப் பக்கத்தில் வந்து நின்று பாருங்கோ. நீலமானதும் எனக்குச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் நான் இந்த ஒலிவாங்கியை விட்டு இறங்க மாட்டேன்.